பேப்பர் கோன் ஸ்பீக்கர்: பத்து வருஷத்துக்கு மேல ஓட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

பேஸுக்கு ஆறரை இன்ச் வூஃபர், அதுல ஆடுற புனல் மாதிரி பாகம், அதான் கோன், பேப்பர்ல செஞ்சது, கீச்சு சத்தத்துக்கு ஒரு இன்ச் சில்க் டோம் ட்வீட்டர், 8 ஓம், மரப்பெட்டி. இதான் என் செட்டு, தினமும் ஓடுது. வாங்கும்போதே பேப்பர் எல்லாம் சீக்கிரம் நைஞ்சு போயிடும், கெவ்லார் இல்லன்னா அலுமினியம் எடுன்னு ஆளாளுக்கு அட்வைஸ். இன்னி வரைக்கும் அந்த பேப்பருக்கு ஒண்ணும் ஆகல, போனது அதைச் சுத்தி இருந்த ஃபோம் ரிங்குதான், அதுக்கு அப்புறம் வரேன்.

கோன் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும்னா முன்னாடி துணி கிரில்ல கழட்டிட்டு ஒரு ஒன்றரை வோல்ட் பேட்டரிய வூஃபர் டெர்மினல்ல பிளஸ்ஸுக்கு பிளஸ் ஒரு செகண்ட் தொட்டுப் பாருங்க, கோன் டக்குன்னு முன்னாடி வரும், மாத்தித் தொட்டா உள்ள போகும். பின்னாடி கோனோட ஒட்டியிருக்க காயில்ல கரண்ட் ஓடும்போது அங்க இருக்க பெரிய காந்தம் அதைத் தள்ளுது இல்ல இழுக்குது, அவ்ளோதான் விஷயம். ஆம்ப்ளிஃபயர்ல (ஆம்ப்) இருந்து வர்ற கரண்ட் திசை மாறிக்கிட்டே இருக்கும், கோனும் கூடவே முன்ன பின்ன ஆடி காத்த அமுக்கி இழுத்து சத்தமாக்குது. 1925ல ரைஸ், கெல்லாக்னு ரெண்டு இன்ஜினியருங்க காட்டுன இந்த டிசைன் அடிப்படையில இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா ஆம்ப் குடுக்குற பவர்ல சத்தமா மாறுறது சாதாரண வீட்டு ஸ்பீக்கர்ல சுமார் ஒரு சதவீதம்தான், மிச்சமெல்லாம் காயில்ல சூடாப் போயிடுது!

பேஸ் வரும்போது மட்டும் கோன் ஆடுறது ஏன் கண்ணுக்குத் தெரியுதுன்னா, 80 ஹெர்ட்ஸ்ல இருக்க அதே சத்தம் 40 ஹெர்ட்ஸ்லயும் வேணும்னா கோன் நாலு மடங்கு தூரம் நகரணும். சின்ன ஸ்பீக்கர்ல பேஸ் நாப்ப ஃபுல்லா திருப்புறவங்க இதை யோசிக்கணும்.

ஹெர்ட்ஸ் மேல போகப் போக, அதாவது கீச்சு சத்தத்துல, வேற பிரச்சன. கோன் ஒரே தட்டா நகராம நடுப்பகுதி ஒரு பக்கம் போக ஓரம் வேற பக்கம் போகும், அதனாலதான் ஒரு லெவலுக்கு மேல, சத்தத்தப் பிரிச்சு அனுப்புற கிராஸ்ஓவர் சர்க்யூட் வேலைய ட்வீட்டர்கிட்ட குடுத்துடுது. இங்கதான் பேப்பர் ஜெயிக்குது, லேசாவும் இருக்கு விறைப்பாவும் இருக்கு, தேவையில்லாத அதிர்வ தனக்குள்ளயே அடக்கிக்கும். மெட்டல் கோன்ல அந்த அதிர்வு மணி அடிச்ச மாதிரி அடங்காம நிக்கும், கிராஸ்ஓவர் சரியா போட்டா பரவால்ல, இல்லன்னா வயலின் கேக்க முடியாது, காது குத்தும்.

இப்ப ஃபோம் கதை. சில வருஷம் கழிச்சு லோ பேஸ்ல மட்டும் பர்ர்ருன்னு ஒரு சத்தம், விரல் வச்சா ரிங் மாவு மாதிரி உதிருது. பாலியூரித்தேன் ஃபோம் காத்துல இருக்க ஈரத்துலயே மெல்ல சிதைஞ்சிடும், ஓட்டாம சும்மா வச்சிருந்தாலும் போகும். பழைய பசையெல்லாம் சுரண்டிட்டு ரப்பர் ரிங் ஒட்டினேன். காயில் ஓடுற இடுக்குல ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கூட இடம் கிடையாது, அதனால லோ டோன் ஒண்ணு மெதுவா ஓட விட்டு, உரசல் வராத இடமாப் பாத்து ஒட்டணும். பொறுமை இல்லன்னா இதுல கை வைக்காதீங்க. ரப்பர் கொஞ்சம் கனம், சத்தம் ஒரு பொடி குறைஞ்சிருக்கு, வால்யூம கொஞ்சம் ஏத்தினா சரியாயிடுது.

நடுவுல இருக்க டஸ்ட் கேப்ப ஒரு குட்டிப்பய விரலால அமுக்கிட்டான், அழகு போச்சு, சத்தத்துல எனக்கு வித்தியாசம் தெரியல.

பழைய ஸ்பீக்கர் எடுக்குறவங்க கோன ரெண்டு பக்கமும் விரல் வச்சு சமமா, மெதுவா உள்ள அமுக்கிப் பாருங்க, கரகரன்னு உரசினா காயில் இடிக்குதுன்னு அர்த்தம், அதை எடுக்காதீங்க. ஃபோம் மட்டும் போயிருந்தா தாராளமா எடுக்கலாம்.