திரைச்சீலையும் தலையணை உறையும்: வீட்டில் தைப்பதா, தைத்ததை வாங்குவதா?

புது வீட்டுக்குக் குடிபோகும் பலரும் தடுமாறும் கேள்வி இது.

செலவு: கடையில் வாங்கும்போது துணியின் விலையோடு தையல் கூலியையும் வியாபாரியின் லாபத்தையும் சேர்த்தே கொடுக்கிறோம். வீட்டில் தைத்தால் துணிக்கும் நூலுக்கும் மட்டுமே செலவு. அதிலும் 5.5 மீட்டர் நீளமுள்ள பழைய பருத்திப் புடவை ஒன்று பீரோவில் கிடந்தால், மடித்துத் தைப்பதற்கும் சேர்த்து 2.35 மீட்டர் வீதம் வெட்டி, ஏழடி வாசலுக்கு இரண்டு திரைகள் தைத்தபின், மிஞ்சும் 80 சென்டிமீட்டரில் 17க்கு 27 அங்குலத் தலையணைக்கு ஓர் உறையும் தேறிவிடும். ஆனால், நான்கு உறைகளுக்காகத் தையல் மெஷின் வாங்குவது சிக்கனமாகாது.

நீடித்து உழைப்பது: மலிவான கடை உறைகளில் முதலில் பிரிவது ஓரத் தையல்தான்; உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், தையலுக்குக் கால் அங்குலம்கூட விட்டிருக்க மாட்டார்கள். நாமே தைத்தால் அரை அங்குலம் விட்டு, மூலைகளில் இரட்டைத் தையல் போடலாம். புதுப் பருத்தித் துணியை வெட்டுமுன் ஊறவைத்து உலர்த்துவது அவசியம். அதைச் செய்யாத என் முதல் உறை, ஒரே சலவையில் சுருங்கித் தலையணைக்குள் நுழைய மறுத்தது.

எளிமை: சந்தேகமின்றி, வாங்குவதே எளிது.

மெஷினும் ஓய்வான ஞாயிறு மதியமும் உள்ளவர்கள், நேர்த்தையல் மட்டுமே தேவைப்படும் உறைகளையும் மெல்லிய திரைகளையும் வீட்டிலேயே தைக்கலாம். உலோக வளையம் வைத்த கனமான திரைகள் வேண்டுவோரும் அடிக்கடி வீடு மாறுவோரும் வாங்கிவிடுவதே மேல். லைனிங் வைத்த ரவிக்கையை மட்டும் நான் இன்னும் தையற்காரரிடமே கொடுக்கிறேன்.