குடியை நிறுத்தும்போது: டயஸெபாமா, லோராசெபாமா, கபாபென்டினா?

பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கலாம். மது இருக்கும்வரை மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்துக்கு அது துணை. தூண்டிவிடும் குளூட்டமேட் என்ற ரசாயனத்துக்கு எதிரி. மூளையும் அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. காபாவை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மந்தமாகின்றன, குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பிகள் பெருகுகின்றன. மது நின்றதும் தூண்டுதலை அடக்க ஆளில்லை. முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாததெல்லாம் தெரியும் டெலிரியம் வரும், உயிரையே எடுக்கக்கூடியது.

அதனால் எந்த மருந்தானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: வலிப்பைத் தடுக்குமா, நடுக்கத்தை மட்டும் மறைக்குமா?

தடுப்பதில் முன்னால் நிற்பவை பென்சோடயஸெபைன்கள் என்ற மருந்துக் குடும்பம். மது தொட்ட அதே காபா-ஏ ஏற்பியில் ஒட்டி, நரம்பை அமைதிப்படுத்தும் குளோரைடு வாசலை அடிக்கடி திறக்க வைக்கின்றன. இவற்றுக்குள்தான் உண்மையான போட்டி. டயஸெபாமும் குளோர்டயஸெபாக்சைடும் கல்லீரலில் உடைந்த பிறகும், அந்தத் துணுக்குகள் நாள்கணக்கில் வேலை செய்யும். மருந்தின் அளவு மெதுவாக இறங்குவதால் நோயாளிக்கும் இறக்கம் சுலபம். ஆனால் கல்லீரல் சுருங்கிப்போனவருக்கு அதே குணம் ஆபத்து; மருந்து தேங்கி, எழுப்பினாலும் எழாத மயக்கத்தில் கிடப்பார். அவருக்கு லோராசெபாம்தான் சரி. கெட்டுப்போன கல்லீரலும் அதை ஓரளவு கழித்துவிடும், வேலை செய்யும் துணுக்குகளும் மிஞ்சாது. ஒரே சிக்கல், சீக்கிரம் இறங்கிவிடும். வேளை தவறினால் நடுக்கம் திரும்பும். கையை நீட்டி விரலை விரிக்கச் சொல்லி, வியர்வையையும் பார்த்து, அதற்கேற்ப அடுத்த மாத்திரையைத் தரும் செவிலியர் பக்கத்தில் வேண்டும்.

ஃபீனோபார்பிட்டால் அதே குளோரைடு வாசலை நெடுநேரம் திறந்தே வைக்கும். குளூட்டமேட்டையும் கொஞ்சம் அடக்கும். பென்சோடயஸெபைனுக்கு அடங்காதவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் அளவு மிஞ்சினால் மூச்சே அடங்கும், உடம்பை விட்டுப் போகவும் நாளாகும். மருத்துவமனைக் கண்காணிப்பு இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

கபாபென்டின் காபா ஏற்பியைத் தொடுவதில்லை. கால்சியம் வாசலில் உட்கார்ந்து குளூட்டமேட் வெளியேறுவதைக் குறைக்கிறது. சிறுநீரகம் வழியே போவதால் கல்லீரலுக்குச் சுமையில்லை. லேசான நடுக்கம், தூக்கமின்மைக்கு நல்லது; கடுமையான நிலைக்கு இதை மட்டும் நம்ப முடியாது. லேசான நிலைக்கு மட்டும் என்பதில் கார்பமசெபினும் ஏறக்குறைய இதே ரகம்.

குளோனிடின், புரோபிரனலால் இரண்டும் படபடப்பைத் தூண்டும் நாரட்ரினலினின் ஆட்டத்தை அடக்கும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும், ஆள் தேறிவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே குளூட்டமேட் அப்படியே இருக்கிறது, வலிப்பு அப்போதும் வரலாம். மனக்குழப்பத்துக்குத் தரும் ஹாலோபெரிடாலைத் தனியாகக் கொடுப்பது இன்னும் மோசம், வலிப்பு வருவதை அது சுலபமாக்கிவிடும்.

அப்புறம் தயமின். இது போட்டியில் இல்லை, எந்த மருந்தைத் தேர்ந்தாலும் கூடவே வேண்டும். இந்த பி1 வைட்டமின் குறைந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். முன்பு ஒருமுறை வலிப்போ டெலிரியமோ வந்தவர் வீட்டில் தானாக நிறுத்திப் பார்க்க வேண்டாம், மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும்.