டிஇஐ-யோடு பதினோரு வருடம்: ஒரே சாய்வெழுத்துக்கு மூன்று அர்த்தம்

2013-ல் சென்னையில் ஒரு டேட்டா கன்வர்ஷன் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் வாரமே கையில் கொடுத்தது 1866-ல் அச்சான ஒரு ஆங்கில சமய நூலின் ஸ்கேன். ஆங்கிலம்தானே, என்ன பெரிய விஷயம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு வரிகூடப் புரியவில்லை. கான்டர்பரியில் புனித அகஸ்டின் மடத்துத் துறவி டான் மைக்கேல் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்து, 1340 அக்டோபர் 27-ல் தன் கையாலேயே எழுதி முடித்த 'அயன்பைட் ஆஃப் இன்விட்' அது. மனசாட்சி திரும்பத் திரும்பக் கடிப்பது என்று தலைப்புக்கு அர்த்தம் சொல்லலாம். அந்த ஒற்றைக் கைப்பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எங்களுக்கு வந்தது கைப்பிரதி இல்லை, ரிச்சர்ட் மோரிஸ் பதிப்பித்த அச்சுப் புத்தகம். இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

அன்றிலிருந்து இன்றுவரை, முதலில் கம்பெனியில், அப்புறம் தனியாக, இந்த மாதிரி நூல்களுக்கு டேக் போடுவதுதான் பிழைப்பு, அதாவது எது தலைப்பு, எது மேற்கோள் என்று கணினிக்குப் புரியும்படி குறி வைப்பது. பயன்படுத்துவது டிஇஐ, அதாவது டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் வகுத்த டேக் விதிகள். 1987 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் வாசர் கல்லூரியில் நடந்த ஒரு கூட்டத்தில் தொடங்கியது. இப்போது புழக்கத்தில் இருக்கும் பி5 பதிப்பு 2007-ல் வந்தது. 500-க்கும் மேல் டேக் உண்டு. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். நான் தினமும் தொடுவது நாற்பதைத் தாண்டாது, மீதி எல்லாம் அகராதிக்காரர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் பேச்சுமொழி ஆய்வாளர்களுக்கும்.

பழைய பதிப்பை ஏன் எடுக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். காப்புரிமைதான் காரணம். ஃபர்னிவால் 1864-ல் தொடங்கிய எர்லி இங்கிலிஷ் டெக்ஸ்ட் சொசைட்டி, அப்போது தயாராகிக்கொண்டிருந்த பெரிய ஆங்கில அகராதிக்கு மூலநூல்கள் வேண்டும் என்று வேகவேகமாக அச்சிட்டுத் தள்ளியது. அவை எல்லாம் இப்போது பொதுச் சொத்து. அதே அயன்பைட்டை பமேலா கிராடன் திருத்தி 1965-ல் வெளியிட்டார், அதை யாரும் இஷ்டத்துக்கு ஆர்கைவில் ஏற்ற முடியாது. ஜான் மிர்க்கின் பிரசங்கத் தொகுப்பான 'ஃபெஸ்டியல்' கதையும் இதேதான். 1905-ல் எர்பே பதிப்பித்தது இலவசம், சூசன் பவல் 2009-லும் 2011-லும் கொண்டுவந்த நல்ல பதிப்பு இலவசம் இல்லை. ஆக நாம் டிஜிட்டலாக்குவது பெரும்பாலும் இரண்டாந்தரப் பதிப்பு. அறிஞர்கள் ஒதுக்கி வைத்த பிழைகளுக்கு நாம் புது ஆயுள் கொடுக்கிறோம். கொஞ்சம் உறுத்தல்தான், ஆனால் வேறு வழியில்லை.

சரி, டிஇஐ-க்கு வருகிறேன். எழுத்துகளிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்தக் கால ஆங்கிலத்தில் தார்ன் என்று ஒரு எழுத்து, இன்று டி, ஹெச் சேர்த்து எழுதும் ஒலிக்கு. யோக் என்று இன்னொன்று, வால் வைத்த 3 மாதிரி இருக்கும். ஸ்கேனைப் படித்து எழுத்தாக மாற்றும் ஓசிஆர்-க்குக் கொடுத்தால் தார்ன் 'பி' ஆகிவிடும், யோக் 3 ஆகிவிடும். பக்கத்துக்கு நூறு முறை வரும் எழுத்து இப்படி ஆனால் திருத்துவதைவிட டைப் செய்வது மேல், அதனால் டபுள் கீயிங்தான். இரண்டு பேர் தனித்தனியாக டைப் செய்ய, மெஷின் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும். 20,000 எழுத்துக்கு ஒரு பிழைக்கு மேல் கூடாது என்று கேட்பார்கள். மொழி தெரியாத ஆள் டைப் செய்தால்தான் நல்லது. தெரிந்தவன் கை தானாகவே 'திருத்தி'விடும், தெரியாதவன் கண் பார்த்ததை மட்டும் அடிக்கும்.

யோக் எழுத்துக்கு யூனிகோடில் தனி இடம் கிடைத்ததே 1999-ல்தான். அதற்கு முந்தைய எஸ்ஜிஎம்எல் (டேக் கோப்பின் பழைய வடிவம்) கோப்புகளில் ஆம்பர்சண்ட் (&), யோக், செமிகோலன் என்று எழுதி, அது என்ன என்பதை வேறொரு கோப்பில் அறிவித்திருப்பார்கள். அந்த இன்னொரு கோப்பு தொலைந்து போயிருக்கும், எப்போதும் அப்படித்தான். போதாததற்குச் சில பழைய அச்சுப் பதிப்புகளில் 'அண்ட்' வரும் இடத்தில் ஆம்பர்சண்ட் அச்சடித்திருப்பார்கள், அதை அப்படியே விட்டால் எக்ஸ்எம்எல் (இன்றைய வடிவம்) கோப்பு திறக்கவே திறக்காது. 

என் வாழ்க்கையின் மோசமான செவ்வாய்க்கிழமையும் எழுத்து விஷயத்தில்தான். ஸ்காட்லாந்துப் பிரதி ஒன்றின் அச்சில் யோக்குக்குப் பதில் இசட் போட்டிருந்தார்கள், எல்லா இசட்டையும் யோக் ஆக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். அதே ஸ்கிரிப்டை யோசிக்காமல் அயன்பைட் மேல் ஓட்டிவிட்டேன். அது கென்ட் வட்டார மொழி, அங்கே சொல்லின் முதலில் வரும் எஸ் பல இடங்களில் இசட்தான். 'சின்' என்ற சொல்லே 'சென்' ஆகி, அதுவும் இசட்டில் தொடங்கி 'ஸென்னே' என்றுதான் இருக்கும். நூல் முழுக்கப் பேசுவதே பாவத்தைப் பற்றி. ஒரே நொடியில் அத்தனை பாவமும் யோக்கில் தொடங்கும் வேறு எதுவோ ஆகிவிட்டது. வேலிடேட் செய்தால், அதாவது விதிப்படி இருக்கிறதா என்று சோதித்தால், பச்சை விளக்கு! டேக் அமைப்பு சரியாக இருக்கிறதா என்றுதான் ஸ்கீமா (அந்த விதிகள் உள்ள கோப்பு) பார்க்கும், எழுத்து அதன் கவலை இல்லை. பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் கிட்-ல் முந்தைய நாள் பிரதி இருந்ததால் தப்பித்தேன்.

இப்போது சாய்வெழுத்து. இதுதான் எனக்கு டிஇஐ-யைக் கற்றுக்கொடுத்தது. 'தட்' என்ற சொல்லைக் கைப்பிரதி எழுதிய எழுத்தர் தார்ன் போட்டு அதன் தலைமேல் சின்ன டி வைத்துச் சுருக்கியிருப்பார். பதிப்பாசிரியர் அதை விரித்து அச்சிடும்போது, தான் சேர்த்த ஏ-யை மட்டும் சாய்வாகப் போடுவார், நடுவில் ஒரே ஒரு எழுத்து சாய்ந்து நிற்கும். அதே பக்கத்தில் பைபிளிலிருந்து லத்தீன் வரி வந்தால் அது முழுக்கச் சாய்வு. அடிக்குறிப்பில் 'கைப்பிரதியில் இப்படி' என்று பதிப்பாசிரியர் சொல்லும் வார்த்தையும் சாய்வு. அச்சில் ஒரே தோற்றம், அர்த்தம் மூன்று. எங்களுக்கு வந்த வேலைக் குறிப்பில் சாய்வு எல்லாவற்றுக்கும் ஹெச்ஐ டேக் (தோற்றம் வேறு என்று மட்டும் சொல்வது) என்று இருந்தது, போட்டுக் கொடுத்தோம். நான்கு வருடம் கழித்து வேறொரு வாடிக்கையாளர், விரிவாக்கங்களை நீக்கிவிட்டு எழுத்தர் எழுதியதை மட்டும் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது. எது விரிவாக்கம், எது லத்தீன் என்று கோப்புக்குத் தெரியாது. மறுபடி பக்கம் பக்கமாக உட்கார்ந்து, விரிவாக்கத்துக்கு இஎக்ஸ் டேக், லத்தீனுக்கு மேற்கோள் டேக்கோடு மொழிக் குறியீடு, இப்படி மூன்று மாதம். இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல டிஇஐ-ல் ஆரம்பத்திலிருந்தே வசதி இருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

பிடிக்காதது ஒன்று உண்டு என்றால் ஓரக்குறிப்பு. அந்தக் காலப் பதிப்புகளில் பக்க ஓரத்தில் இன்றைய ஆங்கிலத்தில் சுருக்கம் அச்சிட்டிருப்பார்கள். அது எந்தச் சொல்லுக்கு நேராக நிற்கிறது? அச்சுக்கோத்தவர் இடம் இருந்த பக்கம் வைத்திருப்பார், நீங்கள் ஒரு புள்ளியில் நட்டாக வேண்டும். அதோடு வாக்கியம் ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியும், மேற்கோள் பத்தியைத் தாண்டிப் போகும். ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும் இரண்டு அமைப்பை எக்ஸ்எம்எல் ஒத்துக்கொள்ளாது. பக்க முறிவை உள்ளீடில்லாத டேக்காக வைத்துச் சமாளிக்கலாம், மேற்கோளைத் துண்டாக்கி ஒட்டலாம். வேலை நடக்கும், பார்க்க அழகாக இருக்காது. வரி முறிவில் உடைந்த சொல்லுக்கு 'பிரேக் நோ' (சொல் இங்கே முடியவில்லை) என்று டேக்கில் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தேடலில் பாதிச் சொல் கிடைக்காது.

டேக் போடும் மென்பொருளான எடிட்டர் பற்றியும் கேட்பீர்கள். ஆக்சிஜன் எனக்கு வசதி, காசு கொடுக்க வேண்டும். விஎஸ் கோடில் இலவச எக்ஸ்டென்ஷன் போட்டும் வேலை செய்திருக்கிறேன், ஸ்கீமா சரியாக இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

என்னை மாதிரி புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் நாளே கோப்பின் தலைப்பகுதியில் 'எடிட்டோரியல் டிக்ளரேஷன்' எழுதிவிடுங்கள். சாய்வை என்ன செய்தீர்கள், வரி முறிவை வைத்தீர்களா, வெளிப்படையான அச்சுப்பிழையைத் தொட்டீர்களா, எல்லாம் சாதாரண வாக்கியமாக. 2015-ல் நானே டேக் போட்ட ஒரு பிரசங்கக் கோப்பு போன வருடம் திருத்தத்துக்கு என்னிடமே திரும்பி வந்தது. நடுவில் ஒரு பத்தி முழுக்க 'சிக்' டேக், மூலத்திலேயே பிழை என்று குறிப்பது. ஏன் என்று நினைவில்லை. தலைப்பகுதியைத் திறந்தால் காலி. கடைசியில் ஸ்கேனை எடுத்து ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது: பதிப்பாசிரியர் கடைசிப் பக்கத்தில் ஒரு பிழைதிருத்தப் பட்டியல் கொடுத்திருக்கிறார், அதில் உள்ளவற்றை எல்லாம் நான் குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலைக் கோப்பில் சேர்க்க மறந்துவிட்டேன். இப்போது சேர்த்தாகிவிட்டது, தலைப்பகுதியில் நான்கு வரியும் எழுதியாகிவிட்டது.