வேலை பார்த்துக்கொண்டே டிகிரி: தனியார் ஆன்லைனா, அரசு அஞ்சல் வழியா?

கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் பையனுக்கும், புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதும் பெண்ணுக்கும் ஒரே கேள்விதான். வேலையை விடாமல் ஒரு டிகிரி முடிக்க எங்கே சேருவது? ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் யோசிக்காமல் சிதம்பரம் பஸ் ஏறுவார்கள். 1979-லேயே அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழி வந்துவிட்டது. இப்போது போனைத் திறந்தால் ரீல்ஸுக்கு ரீல்ஸ் ஒரு ஆன்லைன் எம்.பி.ஏ. விளம்பரம். விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை நடத்துவதால் இரண்டு வகையையும் உள்ளே போகும்போதும் பார்க்கிறேன், திணறிக்கொண்டு திரும்பி வரும்போதும் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சட்ட விஷயம். லாபத்துக்காகப் பல்கலைக்கழகம் நடத்த நம் நாட்டில் அனுமதி கிடையாது. அறக்கட்டளையோ சங்கமோ லாப நோக்கமற்ற கம்பெனியோதான் நடத்த முடியும். நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது என்று 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பட்டத்தைக் கொடுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் விளம்பரம், ஆப், போன் பண்ணும் ஆள், கடன் ஏற்பாடு என்று பல இடங்களில் ஒரு தனியார் கம்பெனி நிற்கிறது. அதற்கு லாபம்தான் பிழைப்பு. இப்படி ஃபிரான்சைஸ் கொடுத்துப் படிப்பு நடத்தக் கூடாது என்று 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும், தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யும் எச்சரித்தன.

அமெரிக்காவில் இந்த ஒளிவுமறைவு இல்லை, லாபப் பல்கலைக்கழகம் என்றே பெயர். 1976-ல் தொடங்கிய ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010 வாக்கில் நாலரை லட்சம் பேருக்கு மேல் படித்தார்கள். 2012-ல் அந்நாட்டு செனட் குழு ஒன்று இப்படிப்பட்ட 30 கம்பெனிகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. வருமானத்தில் விளம்பரத்துக்கும் ஆள் சேர்க்கவும் 22.7 சதவீதம், லாபம் 19.4 சதவீதம், பாடம் நடத்த 17.2 சதவீதம். 2015-ல் கொரிந்தியன் கல்லூரிகளும், 2016-ல் ஐ.டி.டி. டெக்கும் இழுத்து மூடின. விளம்பரத்தில் ஏமாற்றியதாக வந்த புகாரில் ஃபீனிக்ஸ் 2019-ல் 19.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இங்கே எந்தப் பல்கலைக்கழகம் என்ன விகிதத்தில் செலவழிக்கிறது என்று நமக்கு யாரும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆனால் ஒரு தளத்தில் நம்பரைக் கொடுத்தால் அன்று சாயங்காலத்துக்குள் எத்தனை அழைப்பு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், ஓரளவு புரியும்.

அதற்காகத் தனியார் ஆன்லைனில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு வீடியோவைப் போட்டுப் பார்க்கலாம். தேதி நெருங்கினால் ஆப் தட்டி எழுப்பும். சந்தேகம் என்றால் போனை எடுக்க ஒரு ஆள் உண்டு. ரிசல்ட் சீக்கிரம் வரும். அரசுப் பக்கம் நிலைமை வேறு. கடைக்கு வரும் ஒரு பெண் அசைன்மென்ட்டைக் கைப்பட எழுதிப் படிப்பு மையத்தில் கொடுத்து, சீல் வைத்த ரசீதும் வாங்கிவிட்டார். மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. மெயில் போட்டால் பதில் இல்லை. மையத்தில் கேட்டால் சென்னையில் கேளுங்கள் என்கிறார்கள், சென்னையில் கேட்டால் மையத்தில் கேளுங்கள் என்கிறார்கள். தேறியும் பட்டம் வராமல் ஒரு வருஷம் போனது. அரசு வழியில் சேருகிறவர் ரசீதுகளைப் பத்திரப்படுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பி.ஏ. மூன்று வருஷத்துக்கும் ஆகும் கட்டணம், தனியார் ஆன்லைனில் பெரும்பாலும் ஒரு செமஸ்டருக்கே சரியாகப் போய்விடும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் குறைந்த கட்டணம்தான், தமிழிலேயே படிக்கலாம் என்பது கூடுதல் வசதி. தனியார் ஆன்லைன் எம்.பி.ஏ. என்றால் லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். இந்த வித்தியாசம் எல்லோருக்கும் கண்ணில் படுகிறது. படாதது இ.எம்.ஐ.

“வட்டியே இல்லையாம்ணே, மாசம் அஞ்சாயிரம்தான்” என்று சந்தோஷமாக வருவார்கள். போனில் இருக்கும் அட்மிஷன் ஆள், “சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்பார். அந்த ஓடிபியைச் சொன்னதும் கையெழுத்து போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. நீங்கள் தவணையில் ஃபீஸ் கட்டவில்லை, ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியிருக்கிறீர்கள். அந்த நிறுவனம் மொத்தப் பணத்தையும் அன்றே அந்தப் பக்கம் கொடுத்துவிடும். இரண்டாவது செமஸ்டரில் படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது, கட்டாமல் விட்டால் சிபில், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் மதிப்பெண், அடிபடும். பிறகு பைக் லோனுக்குப் போகும்போதுதான் விஷயம் தெரியும். சேரும் வரை ஒரு நாளைக்கு நாலு முறை கூப்பிட்ட ஆள், கடன் பாஸ் ஆன மறுநாளிலிருந்து வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு டார்கெட் சேர்க்கையில், நீங்கள் தேறுவதில் இல்லை. என்னைக் கேட்டால் தனியார் ஆன்லைனின் பெரிய ஓட்டை இதுதான். செமஸ்டருக்குச் செமஸ்டர் கையில் இருக்கும் காசைக் கட்டிப் படிக்க முடியும் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் ஒரு செமஸ்டரோடு நிற்கும்.

அங்கீகாரத்தில் இரண்டு பக்கமும் ஒரே தராசுதான். 2020 விதிமுறைப்படி, முறையாக அனுமதி பெற்ற ஆன்லைன், தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம். அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அரசு என்றாலே பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-லேயே அரசு எடுத்துக்கொண்டது. ஆனாலும் அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. அறிவித்தபோது இந்த மாவட்டமே ஆடிப்போனது. எனவே எந்தப் பெயராக இருந்தாலும் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகம், படிப்பு, சேரும் பருவம் மூன்றையும் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்து, நீங்கள் சேரும் படிப்புக்கு இல்லாமல் போகலாம். பொறியியல், நர்சிங், சட்டம் போன்றவற்றை யாரும் இந்த வழியில் தரவே முடியாது. 2025 ஜூலை பருவத்திலிருந்து உளவியலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்கள் பத்து, பிளஸ் டூ, மூன்று வருஷப் பட்டம் என்ற வரிசை குலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது சேருவதற்கே டெப் ஐடி கட்டாயம், அந்த யு.ஜி.சி. தொலைநிலைப் பிரிவில் எடுக்கும் பதிவு எண் அது. அதற்கு ஏபிசி ஐடி என்ற மாணவர் கிரெடிட் கணக்கு எண் வேண்டும், அதற்கு அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர். இங்கேதான் நம்ம ஊர்ப் பிரச்சினை. ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயரே முழுசாக. கடைசித் தேதிக்கு முந்தின நாள் வந்து நின்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் ஆதாரைச் சரி செய்யுங்கள்.

தேர்வைப் பற்றி ஒன்று. தனியாரில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே, கேமரா முன்னால். அம்மா காபி டம்ளரோடு உள்ளே வந்தால்கூட எச்சரிக்கை வரும். வசதிதான், ஆனால் நமக்குக் கார்த்திகை மழை இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கே கரண்ட்டும் இல்லை, டவரும் இல்லை. மையத்தில் எழுதும் தேர்வு என்றால் தள்ளிவைத்தால் எல்லோருக்கும் தள்ளிவைப்பார்கள். வீட்டுத் தேர்வில் கரண்ட் போனது உங்கள் வீட்டில் மட்டும்தான், அதை நொய்டாவிலோ பெங்களூரிலோ இருக்கும் ஹெல்ப் டெஸ்க்குக்கு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, விளம்பரம் குறைவு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பி.எஸ். படிப்பு. தகுதிக்கட்டத்தைத் தேறினால்தான் உள்ளே விடுவார்கள், தேர்வை மையத்துக்குப் போய் எழுத வேண்டும். நடுவில் நின்றாலும் முடித்த கட்டத்துக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை. ஆனால் கணக்கில் தெம்பு வேண்டும். ஓவர்டைம் பார்த்துக்கொண்டு முடிப்பது லேசில்லை, வந்த வேகத்தில் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

புரமோஷனுக்கோ போட்டித் தேர்வுக்கோ பட்டம் இருந்தால் போதும் என்பவர் திறந்தநிலையையோ இக்னோவையோ தாண்டிப் போக ஒரு காரணமும் இல்லை. ஏற்கெனவே கம்பெனி வேலையில் இருந்து, அடுத்த படிக்கு எம்.பி.ஏ. கேட்கிறார்கள், யாராவது பிடித்துத் தள்ளாவிட்டால் புத்தகத்தைத் திறக்க மாட்டேன் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் தனியார் ஆன்லைனைப் பார்க்கலாம். சேரும் முன் ஆபீஸ் எச்.ஆரிடம், இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டத்தை ஏற்பீர்களா என்று மெயிலில் கேட்டு, பதிலை மெயிலிலேயே வாங்குங்கள். வளைகுடா போகும் எண்ணம் உள்ளவர்கள், அந்த நாடு நேரடிப் படிப்பா ஆன்லைனா என்று பார்க்கிறதா என்பதையும் முன்னாடியே விசாரியுங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளையை மட்டும் எந்த ஆன்லைனிலும் தள்ளாதீர்கள். தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியோ, லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரியோ, முதலில் அங்கே விண்ணப்பம் போடுங்கள்.