கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஓர் ஆட்டுப்பண்ணையில் 10 நாள்

நானும் மனைவியும் போன ஜூலையில் தங்கினோம். காசு வாங்காமல் இடமும் சாப்பாடும் தருவார்கள், பதிலுக்கு நாம் ஆடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் ரப்பர் தோட்டம், ஆடுகள் எல்லாம் மலபாரி இனம்.

தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தது, ஆட்டுக்கு நனைவது ஆகாது, அதனால் மேய்ச்சலே இல்லை, பலா இலையைக் கொப்போடு வெட்டி வந்து கொட்டிலில் கட்டித் தொங்கவிடுவதுதான் எங்களுக்குப் பாதி நாள் வேலை. தரையில் போட்டால் மிதித்துவிட்டுத் தொடாது. கொட்டில் பரண் மாதிரி உயரமாக, பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு அடித்திருப்பதால் புழுக்கை தானாகக் கீழே விழுந்துவிடுகிறது, அந்த மழையிலும் ஆடுகளின் கால் காய்ந்தே இருந்தது. மரச்சீனி (மரவள்ளி) இலையைப் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள், விஷம் என்று முதல் நாளே பண்ணைக்கார அக்கா சொல்லிவிட்டார்.

ஆறாம் நாள் ராத்திரி ஓர் ஆடு இரண்டு குட்டி போட்டது. சின்னது எழுந்திருக்கவே இல்லை. மனைவி சாக்கால் துடைத்துத் துடைத்துச் சூடாக்கி, சீம்பாலை விரலில் தொட்டு வாயில் வைத்தாள், அப்புறம்தான் அது மடியைத் தேடியது. அந்த நேரத்தில் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

குறை ஒன்று உண்டு, தங்கும் அறை ஒழுகியது, இரண்டு முறை சொல்லியும் சரிசெய்யவில்லை. சாப்பாடு அருமை, கிழங்கும் மீன்கறியும். போவதானால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள், ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.