ரொட்டியில் நிற்கும் கோட்டை: ஸ்ட்ராங்ஹோல்ட் வரிசையில் எதை வாங்கலாம்?

கோட்டை கட்டி, ஊரை நடத்தி, போரிடும் கணினி கேமான ஸ்ட்ராங்ஹோல்டைப் புதிதாக விளையாட வருபவர்களில் பலர் முதல் வேலையாக மதில் எழுப்புகிறார்கள். பத்து நிமிடத்தில் களஞ்சியம் காலி, குடியானவர்கள் மூட்டை கட்டுகிறார்கள், மதில் மட்டும் ஜம்மென்று நிற்கிறது. ஃபயர்ஃபிளை ஸ்டூடியோஸ் 2001-இல் முதல் கேமை வெளியிட்டதிலிருந்து இந்த வரிசையின் அடித்தளம் மாறவில்லை: போர் களத்தில் முடிந்தாலும், வெற்றி தோல்வி களஞ்சியத்தில்தான் முடிவாகிறது. அந்தக் கணக்கு பிசகாத பாகங்கள் இன்றும் காசுக்குத் தகும்.

கணக்கு இதுதான். மக்கள் ஆதரவு 100-க்கு இத்தனை என்று ஓடும். 50-க்குக் கீழே இறங்கினால் ஆட்கள் வெளியேறுவார்கள். அதை ஏற்றி இறக்கும் புள்ளிகள் இவை: உணவே கொடுக்காவிட்டால் −8, அரைப் பங்கு −4, முழுப் பங்கு 0, கூடுதல் பங்கு +4, இரட்டைப் பங்கு +8. ஆப்பிள், பாலாடைக்கட்டி, இறைச்சி, ரொட்டி என்ற நான்கில் ஒன்றுக்கு மேல் பரிமாறினால் ஒவ்வொரு கூடுதல் வகைக்கும் +1. ஊர் முழுக்க மதுபானம் எட்டினால் +8. வரியே வாங்காவிட்டால் +1. குறைந்த வரிக்கு −2, அதற்கு மேல் படிப்படியாக −4, −6, −8. ஆக, மூன்று வகை உணவோடு இரட்டைப் பங்கு கொடுத்தால் +10 வரும். அதை வைத்து −8 வரியை வசூலித்தாலும் கையில் +2 மிஞ்சும். ஆனால் இரட்டைப் பங்கு களஞ்சியத்தையும் இரண்டு மடங்கு வேகத்தில் காலி செய்யும். பழகியவர்கள் ஆதரவை 100-க்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, வரியைத் திடீரென உயர்த்தி, 55 வரை இறங்கவிட்டு, மறுபடி தளர்த்துவார்கள். இடையில் சேரும் பொன்தான் படைக்குக் கூலி.

உற்பத்தியில் பெரும்பாலும் இடிப்பது நடை தூரம். கோதுமை வயலில் இருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து மாவு ஆலைக்கு, மாவு மறுபடி கிடங்குக்கு, அங்கிருந்து ரொட்டிக் கடைக்கு, கடைசியில் களஞ்சியத்துக்கு: இத்தனையும் ஆட்கள் தோளில் சுமந்து நடக்கிறார்கள். ஒரு மூட்டை மாவுக்கு 8 ரொட்டி கிடைப்பதால் ஆலை அரிதாகவே திணறும். ரொட்டிக் கடைதான் முட்டுக்கட்டை. அதைக் கிடங்குக்கும் களஞ்சியத்துக்கும் நடுவில் வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். வில் செய்பவனின் பட்டறைக்கும் இதே விதி. அதைக் கிடங்குக்கும் ஆயுதக் கிடங்குக்கும் நடுவில் வையுங்கள். கல் குவாரியில் கல் குவிந்து கிடக்க, கிடங்கில் ஒன்றுமில்லையா? மாடு போதவில்லை. ஒரு மாடு ஒரு நடைக்கு 8 கல்தான் ஏற்றும். ஒரு குவாரிக்கு இரண்டு மாட்டுக் கொட்டிலாவது தேவை.

தூக்குமேடை, நந்தவனம் போன்றவை வெறும் அலங்காரம் இல்லை. தூக்குமேடை போன்ற கொடூரப் பொருட்களை உச்சமான ஐந்து படி வரை நிரப்பினால் ஆட்கள் ஒன்றரை மடங்கு வேலை செய்வார்கள். பதிலுக்கு ஆதரவு −5 ஆகும், படையும் சோர்ந்து சண்டையிடும். நந்தவனம் வைத்தால் எல்லாமே தலைகீழ். பாதி வழியில் இரண்டையும் கலந்து வைப்பது இடத்துக்கும் பொன்னுக்கும் கேடு.

2002-இல் வந்த க்ரூசேடர் பாகம் இந்தக் கணக்கைப் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தது. பண்ணைகளுக்குப் பசுமையான சோலை நிலம் வேண்டும், அது குறைவு, ஆகவே சண்டையே நிலத்துக்குத்தான். ஆயுதம் செய்யாமல் பொன் கொடுத்தே கூலிப்படை எடுக்கலாம்: அடிமை 5, கவண் வீரன் 12, அரபு வில்லாளி 75. எலி, பன்றி, காலிஃப், ஓநாய் போன்ற பெயர்களில் வரும் கணினி எதிரிகளும் ஒவ்வொருவரும் ஒரு ரகம். எலி ஈட்டிக்காரர்களைக் கும்பலாக அனுப்பும், பயப்பட ஒன்றுமில்லை. பன்றி கதாயுதக்காரர்களோடு வந்தால் குறுக்குவில் வீரர்கள் தயாராக இருக்க வேண்டும். காலிஃப் தீப்பந்தம் பிடித்த அடிமைகளை விட்டுப் பண்ணைகளை எரிப்பார். பண்ணைப் பக்கம் நான்கு வில்லாளிகளை நிறுத்தாமல் அவரோடு மோதவே கூடாது. ஓநாய்தான் உண்மையான பரீட்சை.

தற்காப்பில் அடிக்கடி நடக்கும் தவறு: எதிரி வரும்போது தீ மூட்டக் கீல் பள்ளம் வெட்டிவிட்டு, வில்லாளிகள் அருகே நெருப்புச் சட்டி வைக்க மறப்பது. சட்டி இல்லாமல் தீ அம்பு கிடையாது. பள்ளத்தை வீடுகளை ஒட்டி வெட்டினால் எதிரியோடு சொந்த ஊரும் எரியும். கவண் பொறிகளைச் சதுரக் கோபுரத்திலும் வட்டக் கோபுரத்திலும் மட்டுமே ஏற்றலாம். சதுரத்துக்கு 35 கல், வட்டத்துக்கு 40. சுரங்கம் வெட்டி மதிலைச் சாய்ப்பவர்களைத் தடுக்க அகழிதான் மருந்து, அதன் அடியில் அவர்களால் தோண்ட முடியாது.

பிந்தைய பாகங்களில் கை வைக்குமுன் யோசியுங்கள். 2005-இன் ஸ்ட்ராங்ஹோல்ட் 2 முப்பரிமாணத்துக்கு மாறி, குற்றம், தண்டனை, கழிவு அகற்றல், விருந்து என்று நிர்வாகத்தை ஏற்றியது. பொறுமை உள்ளவர்களுக்குச் சுவையான கேம்தான். 2006-இன் லெஜண்ட்ஸில் டிராகன் பறக்கிறது, வேறென்ன சொல்ல. 2011-இன் மூன்றாம் பாகம் பிழைகளோடு வெளியானது. கணினி எதிரிகளோடு தனியாக மோதும் ஸ்கர்மிஷ் இல்லாமல் வந்ததைக் க்ரூசேடர் ரசிகர்கள் மன்னிக்கவில்லை. 2014-இன் க்ரூசேடர் 2 பரவாயில்லை, ஆனால் பழையதன் தெளிவு இல்லை. 2021-இன் வார்லார்ட்ஸ் கிழக்காசியாவுக்குப் போய் வெடிமருந்தைக் கொண்டுவந்தது. முற்றுகை நன்றாக இருக்கிறது, ஊர் நடத்தும் பகுதி மெலிந்துவிட்டது.

இப்போது வாங்குவதென்றால் முதல் பாகத்தின் புதுப்பதிப்பாக 2023-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன், அல்லது 2025-இல் வந்த க்ரூசேடர் டெஃபினிட்டிவ் எடிஷன். இரண்டுமே பழைய இருபரிமாணப் பார்வையைத் தக்கவைத்து, படத்தைக் கூர்மையாக்கியிருக்கின்றன. க்ரூசேடர் பதிப்பில் பாலைவன நாடோடிகளான பெதுயின் படைகளும் சேர்ந்திருக்கின்றன. பழைய க்ரூசேடர் ஏற்கெனவே கையில் இருந்தால், ரசிகர்கள் தயாரித்த அன்அஃபிஷியல் க்ரூசேடர் பேட்ச் போட்டுக்கொண்டு தொடரலாம். முதல் முறை விளையாடுபவர்கள் முதல் பாகத்தின் 5 பொருளாதார மிஷன்களை முடித்துவிட்டு 21 போர் மிஷன்களுக்குப் போவது நல்லது. க்ரூசேடரின் 50 சண்டைகள் கொண்ட ஸ்கர்மிஷ் வரிசையை அதற்கப்புறம் திறந்தால் எலியிடம் தோற்கும் அவமானம் நேராது.