பழைய ஹெரிஸ் கம்பளம்: வாங்குறதுக்கு முன்னாடி திருப்பிப் பாருங்க

எங்க வீட்டு ஹெரிஸ் கம்பளத்த நூறு வருஷத்துக்கு மேல பழசுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க, இப்போ வீட்டுல எல்லாரும் தினமும் அது மேலதான் நடக்குறோம், ஆனாலும் கம்பளம் உறுதியா இருக்கு. ஹெரிஸ்ங்கறது வடமேற்கு ஈரான்ல சபலான் மலைப் பக்கம் இருக்குற ஊர். அந்த ஊர்க் கம்பளத்துல நடுவுல பெரிய மெடாலியன் (பதக்கம் மாதிரி வடிவம்), பூ, கொடி, இலை எல்லாமே கோணம் கோணமா, நேர்கோடா இருக்கும். பக்கத்து நகரமான தப்ரீஸ் பட்டறைகள்ல வளைஞ்சு நெளிஞ்சு போற அதே மாதிரி டிசைன இங்க கிராமத்துல நேராக்கி நெய்தாங்க, எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே அந்த துணிச்சல்தான்.

வாங்கப் போறவங்க முன்பக்கத்த பாத்து மயங்காதீங்க, முதல்ல திருப்பிப் போடுங்க. பாவு நூல், அதாவது நீளவாக்குல ஓடுற அடிநூல், பருத்தியா கம்பளியான்னு பாருங்க, ஹெரிஸ்னா பெரும்பாலும் பருத்தி, துர்க்மென் நாடோடிங்க நெய்ததுன்னா கம்பளிதான் இருக்கும். முடிச்சும் பேசும், ஹெரிஸ் ஈரான்ல இருந்தாலும் துருக்கிய மொழி பேசுற அஸேரி மக்கள் ஊர்ங்கறதால துருக்கி முடிச்சுதான், அதுல முடிச்சு நூல் ரெண்டு பாவு நூலையும் சேத்து சுத்தி நடுவுல வெளிய வரும், பாரசீக முடிச்சு ஒண்ண மட்டும்தான் முழுசா சுத்தும்.

அடுத்தது கலர். 1856ல செயற்கைச் சாயம் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் கொஞ்ச வருஷத்துலயே அது கம்பளத்துக்கும் வந்துடுச்சு, அந்த ஆரம்பகாலச் சாயம் நிறைய வெளிச்சத்துல வெளுத்துரும், அதனால இழைய விரலால பிரிச்சுப் பாருங்க, அடியில பளீர்னு இருந்து நுனி மட்டும் சாம்பலா இருந்தா சந்தேகப்படணும். எங்களோடதுல சிவப்பு அடி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கு. அவுரி நீலம் மட்டும் பட்டை பட்டையா ஏறி இறங்கும், அப்ராஷ்னு சொல்லுவாங்க, சாயம் முக்கின நூல் தொகுதி மாறுனா அப்படித்தான் வரும், குறைன்னு நினைக்காதீங்க, எனக்கு அதுதான் அழகு. கறுப்புக் கோடுங்க மட்டும் மத்ததவிட பள்ளமா தேஞ்சிருக்கு, பழைய கறுப்புச் சாயத்துல சேக்குற இரும்பு கம்பளிய அரிச்சிரும்.

ஒரே வருத்தம், ஒரு ஓரத்துல குஞ்சம் புதுசா வச்சு தைச்சது. வித்தவரு முதல்ல வாயே திறக்கல, நாங்க காட்டிக் கேட்டப்புறம்தான் ஒத்துக்கிட்டாரு. ரிப்பேர் தப்பில்ல, மறைக்கிறதுதான் தப்பு.

சோஃபாவுக்கு அடியில போடுறவங்க அப்பப்போ நகத்தி வேக்யூம் போடுங்க, இருட்டுலதான் அந்துப்பூச்சி வரும். மடிச்சு வைக்காதீங்க, சுருட்டுங்க. நடமாட்டம் இருக்குற ஹாலுக்கு கண்ண மூடிட்டு ஹெரிஸ் சொல்லுவேன், பொடிப்பொடியா நுணுக்கமான பூ வேலை வேணும்னா ஈரானோட காஷான், நாயின் ஊர்க் கம்பளங்க பக்கம் போங்க.